ஆறாவது முயற்சியில் நின்ற நீலம்

கந்தகக் கரைசலில் முக்கி நிறமேற்றிய வெள்ளி மோதிரத்தில் மயில்கழுத்து நீலம் ஒருவழியாக நின்றுவிட்டது. இதற்கு முன் ஐந்து முறையும் நீலம் எட்டிப் பார்த்தது; நான் வாய் பிளப்பதற்குள் அடுப்புக்கரியாகிவிட்டது.

குற்றம் கந்தகக் கரைசலில் இல்லை, என் அவசரத்தில் இருந்தது. பொட்டாசியம் சல்பைடு கட்டியைத் தாராளமாகப் போட்டு, நீரையும் கொதிக்கவைத்தால் நிறமெல்லாம் ஒரே மூச்சில் ஓடிவிடும். இம்முறை அரை லிட்டர் நீருக்குப் பட்டாணி அளவு கட்டிதான்; சூடும் கை பொறுக்கும் அளவுதான். சாமணத்தில் பிடித்து ஒரு நொடி முக்கி, உடனே குளிர்ந்த நீரில் போட்டு, வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி முக்கினேன். நான்காவது முக்கலில் வைக்கோல் மஞ்சள், ஏழில் செம்பருத்திச் சிவப்பு, ஒன்பதில் ஊதா. பதினொன்றில் நீலம் வந்ததும் சோடா உப்பு கரைத்த நீரில் போட்டுவிட்டேன். இது சாயமல்ல, வெள்ளி சல்பைடு படலம் தடிக்கத் தடிக்க ஒளி காட்டும் வேடிக்கை. ஒரு முக்கல் கூடினால் போச்சு.

உள்பக்கத்தில் மட்டும் என் பெருவிரல் ரேகை அச்சுப் பிசகாமல் வெள்ளையாக நிற்கிறது. நுரைக்கல் தூளால் தேய்த்த பிறகு கையால் தொட்டதற்குத் தண்டனை.

கட்டி வாங்குவோருக்கு ஒரு வார்த்தை: உடைத்தால் உள்ளே ஈரல் நிறம் இருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்த பொட்டலம் வெளுத்துப் பொரிந்திருந்தது. காற்றும் ஈரமும் அதன் உயிரை எப்போதோ குடித்துவிட்டன. களிம்பாக வருவது கூடுதல் நாள் தாங்குகிறது.

பற்றவைத்த கறையை நீக்கும் சோடியம் பைசல்பேட் கரைசலிலிருந்து நகையை எடுத்து நேராகக் கந்தகக் கரைசலில் போடாதீர்கள். அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் தெரியும்வரை எச்சரிக்கையாவது உண்டு; காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டினால் மூக்கே மரத்துப்போகும். இடையில் நன்றாகக் கழுவுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

அடுத்து நீல்லோ செய்ய ஆசை. வெள்ளி, செம்பு, ஈயம் மூன்றையும் கந்தகத்தோடு உருக்கி, செதுக்கிய பள்ளத்தில் நிரப்பும் கறுப்பு வேலை அது. ஈயப் புகையை நினைத்தால்தான் கை பின்வாங்குகிறது.

அதற்கு முன், நீலத்தைக் காக்கும் மெழுகுப் பூச்சு பாக்கி. கழித்துப்போட்ட வெள்ளித் துண்டில் பூசிப் பார்த்தேன். நீலம் மங்கிச் சாம்பல் கலந்துவிட்டது. வேறு பூச்சு கிடைக்கும்வரை மோதிரம் டப்பாவுக்குள்தான். யாரும் போட்டுப் பார்க்கக் கேட்க வேண்டாம்.