ஆல் உருபும் அம்மாவின் காது மெஷினும்

பிப்ரவரி 4

அம்மாவுக்குச் செவித்துணைக் கருவி பொருத்தி இன்றோடு 11 நாள்கள் ஆகின்றன. அவர் அதைக் காது மெஷின் என்றுதான் சொல்கிறார் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். ஒலியைப் பெருக்கி அம்மாவுக்குக் கேட்கச் செய்வதுதான் அதன் வேலை, அதற்கு மேல் எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்று எண்ணித்தான் வாங்கினோம். வீட்டுக்குள் யார் யாரிடம், எங்கே நின்று, எந்தக் குரலில் பேசுகிறார்கள் என்பதையே அது மாற்றிவிடும் என்று எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை.

முன்பெல்லாம் அம்மாவிடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் அவர் இருக்கும் இடத்துக்குப் போய், தோளைத் தொட்டுத் திருப்பி, உதடு தெரியும்படி விளக்கைப் போட்டுவிட்டு, முகத்துக்கு நேராக நின்று பேச வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் பொறுத்திருக்க வேண்டும். இப்போது அடுத்த அறையிலிருந்து குரல் கொடுத்தாலே போதும். இன்று மாலை யோசித்துப் பார்த்தபோது, இந்த 11 நாள்களில் நான் அவருடைய தோளை ஒருமுறைகூடத் தொடவில்லை என்பது தெரிந்தது. என் பாசம் குறைந்துவிடவில்லை. தொடுவதற்கு இருந்த காரணத்தைச் சில கிராம் எடையே உள்ள ஒரு பொருள் எடுத்துக்கொண்டுவிட்டது.

இன்னொன்றும் நடந்திருக்கிறது, எழுதவே கூச்சமாக இருக்கிறது. மருத்துவச் செலவைப் பற்றி நானும் என் கணவரும் அம்மாவை அருகில் வைத்துக்கொண்டே பேசிப் பழகியிருந்தோம். இப்போது சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறோம்.

பிப்ரவரி 6

மனிதரும் பொருள்களும் சேர்ந்து நெய்த வலைதான் சமூகம் என்ற எண்ணத்தை மாணவியாக இருந்தபோது படித்திருக்கிறேன். 1980களில் பாரிசில் மிஷேல் கல்லோன், புரூனோ லத்தூர், இங்கிலாந்தில் ஜான் லா ஆகியோர் வளர்த்தெடுத்த அந்தச் சிந்தனைக்கு ஆக்டர்-நெட்வொர்க் கோட்பாடு என்று பெயர். தேர்வுக்காகப் படித்த நாளில் அது வெறும் சொல்விளையாட்டாகத் தோன்றியது. நேற்று பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்துப் படித்தபோது அப்படித் தோன்றவில்லை.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது பபூன் குரங்குகளைப் பற்றிய பகுதி. கென்யாவில் பபூன்களை நெடுங்காலம் கவனித்துவந்த ஷெர்லி ஸ்ட்ரம், லத்தூருடன் சேர்ந்து 1987இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பபூன்களுக்கு நட்பும் பகையும் கூட்டணியும் உண்டு, ஆனால் அவற்றைக் காத்துக்கொள்ள அவற்றிடம் இருப்பது தம் உடல் மட்டுமே. யார் யாருக்குத் துணை என்பதை அருகில் உட்கார்ந்தும், ரோமத்தைக் கோதிவிட்டும், பல்லைக் காட்டி மிரட்டியும் திரும்பத் திரும்பச் சோதித்து உறுதிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது. மனிதர்களாகிய நாமோ உறவின் பெரும்பகுதியைப் பொருள்களிடம் ஒப்படைத்துவிட்டோம். இரண்டு வீட்டாருக்கு இடையே ஒரு மதில் நின்றுவிட்டால், எல்லை எது என்று அவர்கள் தினமும் காலையில் எழுந்து பேசித் தீர்க்க வேண்டியதில்லை. அவர்கள் உறங்கும்போதும் அந்த உடன்பாடு நின்றுகொண்டிருக்கிறது. பத்திரம், பூட்டு, சீருடை, கடிகாரம் எல்லாம் இப்படிப்பட்டவைதாம்.

உறவுக்கு நிலைப்பு தருவது மனம் மட்டும்தான் என்று நாம் சொல்லிக்கொள்வது பாதி உண்மை என்றே எனக்குப் படுகிறது. மனம் ஒரு நாள் இருப்பதுபோல் மறுநாள் இருப்பதில்லை. மதில் அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 9

பேட்டரியைப் பற்றி எழுத வேண்டும். மெஷினில் போடுவது துத்தநாகமும் காற்றும் சேர்ந்து மின்சாரம் தரும் வகை. குறுக்களவு 8 மில்லிமீட்டர்கூட இல்லை. அதன் முதுகில் ஒரு பழுப்புநிறத் தாள் ஒட்டியிருக்கும். அதை உரித்ததும் நுண்ணிய துளைகள் வழியே காற்று உள்ளே புகுந்து பேட்டரி உயிர்பெறும். உரித்த உடனே போடாமல் ஒரு நிமிடம் காற்றாட வைத்துப் போட வேண்டும் என்று பொருத்திக் கொடுத்தவர் சொல்லியிருந்தார். உரித்தது உரித்ததுதான், மறுபடி ஒட்டி மிச்சம் பிடிக்க முடியாது.

அம்மாவின் விரல்கள் நடுங்குகின்றன. என் விரல்களுக்கு மெஷினில் பேட்டரி வைக்கும் இடத்தின் சின்னக் கதவு பிடிபடவில்லை. ஒன்பது வயது மகனுக்குத்தான் அது சரியாக வருகிறது. நகத்தால் கதவை நெம்பித் திறந்து, உள்ளங்கையில் கவிழ்த்துப் பழையதைத் தட்டி எடுத்துவிட்டு, புதியதன் தாளை உரித்து, அறுபது எண்ணுகிறான். அந்த அறுபது எண்ணும் நேரத்தில் மெஷின் வேலை செய்யாது. ஆகவே அம்மாவுக்கு எண்ணுவது கேட்காது. அதனால் அவன் அவர் முகத்துக்கு எதிரே மண்டியிட்டு, விரல்களை விரித்துக் காட்டிப் பத்துப் பத்தாக எண்ணுகிறான், அவர் அவன் உதட்டைப் பார்த்துத் தலையசைக்கிறார். நாங்கள் இழந்துவிட்ட பழைய பேச்சுமுறை அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் திரும்பி வருகிறது.

பேட்டரி தீரப்போகும்போது மெஷின் அம்மாவின் காதுக்குள் ஒரு மணியோசை எழுப்புகிறது. ஓசை வந்ததா என்று கேட்பதற்காக அவன் தினமும் மாலை ஏழு மணிக்குப் பாட்டியின் அறைக்குப் போகிறான். போனால் அரை மணி நேரம் வருவதில்லை. மெஷின் வருவதற்கு முன் அவன் அந்த அறைக்குத் தானாகப் போனதை நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 10

இரவு தூக்கம் வராமல் மூன்றாம் வேற்றுமையைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். உலகத்தை உயர்திணை, அஃறிணை என்று இரண்டாகப் பிரித்து வைத்த இலக்கணம் நம்முடையது. மனிதருக்கு ஒரு வினைமுற்று, மற்றவற்றுக்கு வேறு. அவர் வந்தார், அது வந்தது என்று வாயைத் திறந்தாலே கோடு கிழித்துவிடுகிறோம். பொருளும் செயல்படுகிறது என்ற கோட்பாடு தமிழில் சொல்லும்போது அந்நியமாக ஒலிப்பதற்கு இதுவே காரணம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

ஆனால் அதே இலக்கணம் ‘ஆல்’ என்ற மூன்றாம் வேற்றுமை உருபுக்குள் கருவியையும் கருத்தாவையும் ஒன்றாக உட்காரவைத்திருக்கிறது. வாளால் வெட்டினான் என்றால் வாள் கருவி. அரசனால் கட்டப்பட்டது என்றால் அரசன் கருத்தா. செய்தவருக்கும் செய்ய உதவிய பொருளுக்கும் ஒரே வால். உடன் நிகழ்வதைச் சொல்லும் ‘ஓடு’ உருபும் அதே வேற்றுமையில்தான் இருக்கிறது. கட்டியவன் தச்சன், கட்டச் செய்தவன் அரசன் என்று இயற்றுதல் கருத்தாவையும் ஏவுதல் கருத்தாவையும் பிரித்துக் காட்டும் நுட்பமும் அங்கே உண்டு; அந்த வரிசையில் உளிக்கும் இடம் கேட்டால் இலக்கணம் மறுக்காது என்றே நம்புகிறேன். மகன் மாலைதோறும் பாட்டியிடம் போவது எதனால்? பேட்டரியால். இந்த ‘ஆல்’ கருவிப் பொருளில் வந்ததா கருத்தாப் பொருளில் வந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பிப்ரவரி 13

மகன் பாட்டியைக் கட்டிப்பிடித்தபோது மெஷின் கீச்சென்று கத்தியது. காதிலிருந்து கசியும் ஒலி அருகிலுள்ள கன்னத்திலோ கையிலோ பட்டுத் திரும்பி ஒலிவாங்கிக்குள்ளேயே போய், மேலும் மேலும் பெருகுவதால் வரும் சத்தம் அது. இருவரும் பதறி விலகினார்கள். இப்போது அவன் மெஷின் இல்லாத இடப்பக்கத் தோளில்தான் சாய்கிறான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஒரு கீச்சொலி சொல்லிக்கொடுத்தது.

கல்லோன் 1986இல் எழுதிய கட்டுரையும் இப்படி முரண்டு பிடிப்பவற்றைப் பற்றியதுதான். பிரான்சின் வடமேற்கிலுள்ள சான் பிரியூ விரிகுடாவில் ஸ்காலப் என்ற சிப்பி இனம் குறைந்துகொண்டே வந்தது. சிப்பிக் குஞ்சுகள் ஒட்டிக்கொள்வதற்கான அமைப்புகளைக் கடலில் இறக்கி வளர்க்கும் முறையை ஜப்பானில் கண்டு வந்த மூன்று ஆராய்ச்சியாளர்கள், அதை இந்த விரிகுடாவிலும் செய்து பார்க்க முனைந்தார்கள். மீனவர்களோடு பேசியதுபோலவே சிப்பிகளோடும் ஒரு வகையில் பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருந்தது: நீரோட்டம், ஆழம், அமைப்பு எதனால் ஆனது என ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றி, ஒட்டிக்கொள்வீர்களா என்று கேட்க வேண்டியிருந்தது. முதலில் சில ஒட்டிக்கொண்டன. அடுத்தடுத்த ஆண்டுகளில் அவை ஒட்ட மறுத்தன. மீனவர்களோ, பிரதிநிதிகள் கொடுத்த வாக்கை மீறி, ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் போய், காத்துவைத்திருந்த சிப்பிகளை அள்ளிவிட்டார்கள். தோல்வியைச் சொல்லும்போது கல்லோன் மீனவரையும் சிப்பியையும் ஒரே சொற்களால் விவரிக்கிறார், இருவரும் தமக்காகப் பேசியவர்களைக் கைவிட்டார்கள் என்று. சிப்பிக்கு எண்ணம் உண்டு என்பதல்ல அவர் வாதம். வலையில் சேர ஒவ்வொன்றும் இணங்க வேண்டும், இணங்காதபோது வலை அறுகிறது, அது சிப்பியானாலும் சரி, மனிதரானாலும் சரி.

பிப்ரவரி 15

உறவினர் வந்திருந்தபோது பழைய சொத்துத் தகராறு பேச்சில் கிளம்பியது. அம்மா மெஷினைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எல்லோரும் வாயடைத்துப்போனோம்.

பிப்ரவரி 18

பொருத்திக் கொடுத்தவர் இன்று தொலைபேசியில் பேசினார். மின்சாரத்தில் சார்ஜ் செய்துகொள்ளும் வகை வந்திருக்கிறதாம். இரவில் பெட்டிக்குள் வைத்துவிட்டால் மறுநாள் முழுக்க வரும், பேட்டரி மாற்றும் தொல்லையே இல்லை, ஒரு மாதத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்றார். நான் உடனே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பேட்டரி போனால் ஏழு மணியும் போகும், மண்டியிட்டு எண்ணும் அந்த ஒரு நிமிடமும் போகும் என்பதுதான் என் மனத்தில் இருந்தது. அம்மாவை நான் கேட்கவில்லை.

ஆனால் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். காது கேட்கிறதே. எதற்காக வேண்டாம் என்றாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, போன வாரம் பிற்பகல் மூன்று மணிக்கே பேட்டரி தீர்ந்துவிட்டது, பிள்ளை விளையாடிவிட்டு ஏழு மணிக்கு வரும்வரை நான்கு மணி நேரம் எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன், அவன் விளையாட்டைக் கெடுக்க மனமில்லாததால் யாரிடமும் சொல்லவில்லை என்றார். நான் பாசம் என்று பெயர் வைத்திருந்த ஏற்பாட்டுக்குள் அந்த நான்கு மணி நேரம் இருந்திருக்கிறது.

இரவு அமெரிக்கச் சமூகவியலாளர் சூசன் லீ ஸ்டாரின் வாதத்தை மீண்டும் படித்தேன். 1991இல் அவர் தன் வெங்காய ஒவ்வாமையிலிருந்து தொடங்கி ஒரு கட்டுரை எழுதினார். துரித உணவகத்தில் வெங்காயம் இல்லாமல் கேட்டால் மற்றவர்களுக்கெல்லாம் உடனே கிடைப்பது அவருக்கு மட்டும் நெடுநேரம் கழித்தே கிடைக்கிறது. பொதுவாக எல்லோருக்கும் ஒத்துப்போகும் ஒரு வலையமைப்பு, அதற்குப் பொருந்தாத ஒருவரின் பக்கம் நின்று பார்த்தால் எப்படித் தெரியும் என்பதே அவருடைய கேள்வி. லத்தூரும் இதைத் தொட்டிருக்கிறார்: கதவைத் தானே சாத்தும் கருவியைப் பற்றி எழுதும்போது, சுருள்வில் விறைப்பாக இருந்தால் அக்கதவு சிறுவருக்கும் முதியவருக்கும் பாரபட்சம் காட்டுகிறது என்கிறார். ஆனால் ஸ்டார் அங்கே நின்றுவிடாமல், வலையைத் தாங்கிப் பிடிக்க யார் என்ன விலை கொடுக்கிறார் என்று கேட்கிறார். எனக்கு அவர் கேள்விதான் பெரியதாகத் தெரிகிறது. வலையை வரைந்தவள் நான், காத்திருந்தவர் அம்மா.

காலையில் தொலைபேசியில் அழைத்து மாற்றித் தரச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 24

புதிய மெஷின் வந்து நான்கு நாள்கள் ஆகின்றன. முதல் நாள் மாலை ஏழு மணிக்கு மகன் பழக்கத்தில் பேட்டரி அட்டையை எடுத்துக்கொண்டு பாட்டியின் அறைக்குப் போய், செய்ய ஒன்றுமில்லாமல் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினான். அடுத்த நாள் போகவில்லை. அம்மா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை; பிற்பகல் முழுக்க வானொலி கேட்டுக்கொண்டிருந்தார்.

சார்ஜ் பெட்டியை எங்கே வைப்பது என்பது நாங்கள் யோசிக்காமல் விட்ட விஷயம். அம்மாவின் கட்டிலருகே இருக்கும் ஒரே பிளக் பாயிண்ட் இரவு விளக்குக்குப் போய்விட்டது. விளக்கு இல்லாமல் அவரால் இரவில் எழுந்து நடக்க முடியாது. ஆகவே பெட்டி கூடத்தில், மகன் படிக்கும் மேசையின் ஓரத்தில் இடம் பிடித்தது. படுக்கப் போகும் நேரத்தில் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வருகிறார். கழற்றினால் எதுவும் கேட்காது என்பதால் எல்லாவற்றையும் பேசி முடித்த பிறகே கழற்றுகிறார். நேற்று மகன் கணக்கு நோட்டை மூடிவைத்துவிட்டுப் பள்ளியில் நடந்த ஒரு சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேட்டார், பிறகு மெஷினைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். பச்சை விளக்கு எரிகிறதா என்று இருவரும் குனிந்து பார்த்தார்கள். எரிந்தது. அவன் சண்டையின் மிச்சத்தை உதடு தெரியும்படி, மெதுவாகச் சொல்லத் தொடங்கினான்.