மாமாவின் வூண்ட் மெடல்: வர வேண்டியது வந்து சேர நாங்கள் பட்ட பாடு

மாமாவுக்கு வர வேண்டிய பராக்கிரம் பதக் ஒருவழியாக வந்துவிட்டது. பட்டாளத்துக்காரர்கள் இன்றும் வூண்ட் மெடல் என்று சொல்வது இதைத்தான். எதிரியின் தாக்குதலில் நேரடியாகக் காயம்பட்டவர்களுக்கு உள்ள பதக்கம். அவர் காயம்பட்டது 1987-ல். பட்டாளத்தில் ஆள் இல்லாத ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் குறைவு. இப்படி விட்டுப்போனவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

மாமா ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். யாழ்ப்பாணத்தில் விடுதலைப் புலிகளுக்கு எதிராக இந்திய அமைதிப்படையின் ஆபரேஷன் பவன் தொடங்கிய அக்டோபரில், ரோட்டில் புதைத்திருந்த கண்ணிவெடிகளை எடுக்கப் போன இடத்தில் ஒன்று வெடித்து, முழங்காலுக்குக் கீழே சில்லு பாய்ந்தது. சென்னை ராணுவ மருத்துவமனையில் கிடந்து தேறியதும் வேறு யூனிட்டில் போட்டுவிட்டார்கள். விட்டுப்போனது அங்கேதான். பதக்கத்துக்குப் பெயர் எழுதி அனுப்ப வேண்டிய பழைய யூனிட் இலங்கையில் சண்டையில் இருந்தது. புது யூனிட்டுக்கு விஷயமே தெரியாது. இலங்கை கிளாஸ்ப் (எந்தக் களம் என்று காட்டும் பட்டை) போட்ட ஸ்பெஷல் சர்வீஸ் மெடல் மட்டும் வந்தது.

அவரும் கேட்கவில்லை. அமைதிப்படையின் கடைசி வீரர்கள் 1990 மார்ச்சில் சென்னை வந்து இறங்கியபோது முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. ஊரிலும் அந்தச் சண்டையைப் பற்றி யாரும் நல்லவிதமாகப் பேசவில்லை. அந்த அரசியல் சரியா தவறா என்பது வேறு பேச்சு. ஆனால் போகச் சொன்ன இடத்துக்குப் போய் ரத்தம் சிந்தியவர்களும், அங்கேயே இறந்துபோன 1,100-க்கும் மேற்பட்டவர்களும் அதில் என்ன செய்தார்கள்? மாமா பட்டாளத்துப் பச்சைச் சட்டையோடு சேர்த்து அந்தப் பேச்சையும் பெட்டியில் வைத்து மூடிவிட்டார்.

நான் விசாரிக்கப் போன முதல் அலுவலகத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. கிளார்க் டிஸ்சார்ஜ் புக்கை (பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கும் பணிப் புத்தகம்) புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பைசா எதுவும் வராதே, எதுக்கு சார் இந்த வயசுல?" என்றார். சேனா மெடல் மாதிரி வீரதீர விருதுகளுக்கு மாதப் படி உண்டு, இதற்கு இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். மாமா ஒன்றும் பேசாமல் வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினார். கெண்டைச் சதையில் ஒரு பிடி அளவுக்குக் குழி. கிளார்க் அதைப் பார்த்துவிட்டு, "ஆக்சிடெண்டா இருக்கும்" என்றார்.

அதோடு விடவில்லை. படைவீரர்களின் பதிவேடுகளை வைத்திருக்கும் பெங்களூர் ரெக்கார்ட் ஆபீஸில் விண்ணப்பத்தை நேரில் கொடுத்தால்தான் வாங்குவார்கள் என்றும் சொல்லி அனுப்பினார். அதை நம்பி இரணியலில் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ஏறி, மாமா எதிர் சீட்டில் காலை நீட்டியபடியே பெங்களூர் வரை வந்தார். போய் இறங்கினால் அன்று குருநானக் ஜெயந்தி. மத்திய அரசு விடுமுறை. நம் ஊர் காலண்டரில் அந்த நாள் கறுப்பு எழுத்தில்தான் இருக்கும். மறுநாள் தங்க அவருக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை, திரும்பிவிட்டோம். உண்மையில் தபாலில் அனுப்பினாலே போதும். ராணுவ அலுவலகம் எதற்குப் போவதானாலும் முதலில் மத்திய அரசு விடுமுறைப் பட்டியலைப் பாருங்கள்.

சரி, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம் என்று பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து சர்வீஸ் ரெக்கார்ட் நகல் கேட்டோம். 30 நாளுக்குள் பதில் வந்தது. பொதுவாகக் கேட்டதற்குப் பொதுவான காகிதங்கள். அதில் காயம் இருக்கிறது, எப்படிப்பட்டது என்று இல்லை. இந்தப் பதக்கமே ஒரு வரியில்தான் நிற்கிறது: அந்த நாளைய பார்ட் டூ ஆர்டரில் (வீரர்களைப் பற்றிய விவரங்களை யூனிட் பதியும் உத்தரவு) 'பேட்டில் கேஷுவல்டி', அதாவது சண்டையில் காயம், என்று ஏறியிருக்க வேண்டும். 'பிசிக்கல் கேஷுவல்டி', அதாவது சண்டையில் படாத காயம், என்று இருந்தால் கதை முடிந்தது. அந்த ஆர்டரைக் கேட்கத் தேதி வேண்டும். மாமாவுக்கோ மாதம்தான் நினைவிருந்தது.

தேதியைக் கொடுத்தது மாமி. கல்யாண ஆல்பம், ஞானஸ்நானச் சீட்டு எல்லாம் வைத்திருக்கும் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு தந்தியை எடுத்தார். கணவருக்குக் காயம் என்று வீட்டுக்கு வந்த தந்தி. மடிப்பு கிழிந்து, ஒட்டியிருந்த எழுத்துத் துண்டுகளில் ஒன்று உதிர்ந்துகூட போயிருந்தது. ஆனால் தபால் முத்திரையும் தேதியும் பளிச்சென்று இருந்தன. "மக்களே, இது எதுக்காவது ஆவுமா?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

தேதியைக் குறிப்பிட்டு, தந்தி நகலையும் இணைத்து, அந்த வாரத்தின் பார்ட் டூ ஆர்டர் மட்டும் வேண்டும் என்று மறுபடி கேட்டோம். வந்தது. 'பேட்டில் கேஷுவல்டி' என்றே இருந்தது.

அதன்பிறகு ஒரே இடைஞ்சல் பெயர். டிஸ்சார்ஜ் புக்கில் அப்பா பெயரை முழுதாக விரித்து எழுதியிருக்கிறார்கள், ஆதாரில் இனிஷியல். தக்கலையில் நோட்டரியிடம் இரண்டும் ஒருவரே என்று அபிடவிட் போட்டதும் தீர்ந்தது. ராணுவ எண்ணை எங்கே எழுதினாலும் கடைசியில் வரும் எழுத்தையும் சேர்த்தே எழுதுங்கள். அந்தக் கிளார்க் எழுதிக் கொடுத்த மாதிரி விண்ணப்பத்தில் அது இல்லை. நல்லவேளை, மாமா கண்ணில் பட்டது. அப்புறம், 'சீக்கிரம் வாங்கித் தருகிறேன்' என்று காசு கேட்கும் புரோக்கர்கள் பக்கம் போகவே வேண்டாம். ஒரிஜினல் தந்தியைக் கேட்டு ஒருவர் வீட்டுக்கே வந்தார். ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகலே போதும்.

ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து தகுதி உண்டு என்று கடிதம் வந்து, அதற்குப் பிறகும் வெகுநாள் காத்திருந்துதான் பதக்கம் கைக்கு வந்தது. மாமா முகப்பைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளிம்பைத் திருப்பி, பொறித்திருந்த எண்ணையும் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். "எல்லாம் சரியா இருக்கு" என்றார்.

அந்தச் செய்தி பரவி, இப்போது குழித்துறைப் பக்கமிருந்து ஒருவர் வந்திருக்கிறார். 1971 போரில் இருந்தவர், டிஸ்சார்ஜ் புக்கில் பதக்கங்களுக்கான பக்கத்தில் அந்தப் போருக்கான சங்ராம் மெடல் ஏறவே இல்லை. அவருடைய விண்ணப்பத்தை மாமாவே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்.