மண்புழுவுக்குப் போன 54 வாட்

ஆன்டெனா ரேடியோவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் அளவுதான் எஸ்டபிள்யூஆர், 1.0 என்றால் கச்சிதம். மீட்டரில் அது 1.0 என்று காட்டிய அன்று, மாமாவைக் கூப்பிட்டு ஸ்வீட் கொடுக்காத குறைதான். ஹாம் ரேடியோவில், அலைநீளம் 80 மீட்டர் பக்கம் இருக்கும் 80 மீட்டர் பேண்டுக்கு நான் கட்டிய முதல் இன்வெர்டட் எல் ஆன்டெனா அது. கம்பி 12 மீட்டர் மூங்கிலில் நேராக மேலேறி, அங்கிருந்து மடங்கி இன்னும் 8 மீட்டர் பக்கவாட்டில் மாமரத்துக்குப் போகும். மொத்தம் 20 மீட்டர், கிட்டத்தட்ட கால் அலைநீளம். அடியில் ஒரு எர்த் ராடு, அதிலிருந்து நாலு கம்பி.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இரட்டை வீடுகளுக்கு இருக்கிற கொல்லையில் இதற்கு மேல் ஒன்றும் விரியாது. மூங்கிலை நட்டு நிமிர்த்தியபோது பக்கத்துத் தெரு ஆயா நின்று பார்த்துவிட்டு, "எந்தச் சாமிக்குப்பா கொடிக்கம்பம்?" என்று கேட்டார். ரேடியோவுக்கு என்றேன். நம்பவில்லை. இங்கே வட இந்திய வம்சாவளி வீடுகளின் முன்னால் அனுமார் ஜண்டா நிற்பது வழக்கம். இதுவும் அப்படி ஏதோ ஒன்று என்று முடிவு கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கு முன்னால் இருந்தது ஒரு டைபோல், நடுவிலிருந்து இரண்டு பக்கமும் கை நீட்டும் கம்பி. உச்சி 9 மீட்டர். ஜோஹன்னஸ்பர்க்கில் இருப்பவர்கள் பக்கத்து அறையிலிருந்து பேசுவது போலக் கேட்பார்கள், கடல் தாண்டி ஒருத்தருக்கும் என் குரல் எட்டாது. 80 மீட்டர் அலைக்கு 9 மீட்டர் உயரம் என்பது தரையில் கிடப்பது மாதிரி. சிக்னல் முக்கால்வாசி நேரே வானத்துக்குப் போய் நேரே இறங்கிவிடும். தூரம் போகத் தாழ்ந்த கோணம் வேண்டும், அதற்குச் செங்குத்துக் கம்பி வேண்டும். அதனால்தான் இந்த மூங்கில்.

ஆனால் எஸ்டபிள்யூஆர் அவ்வளவு அழகாக இருந்தும் இரண்டு மாதம் யாரும் பதில் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். 12 மீட்டர் நேராக நிற்கும் இந்த மாதிரிக் கம்பியின் கதிர்வீச்சுத் தடை, அதாவது வானத்துக்குப் போகும் பங்குக்கான தடை, 23 ஓம்ஸ் பக்கம்தான் வரும். எஸ்டபிள்யூஆர் 1.0 என்றால் மீட்டர் காட்டுவதோ மொத்தம் 50. மீதி 27 எங்கே? மண்ணில்! நான் அனுப்பிய 100 வாட்டில் 46தான் வானத்துக்குப் போயிருக்கிறது. 54 வாட் அத்தையின் கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் மண்புழுக்களுக்கு வெந்நீர் போட்டிருக்கிறது. ஆன்டெனாவுக்குப் பதில் சோதனைக்கு மாட்டும் வெறும் தடையான டம்மி லோடும்தான் 1.0 காட்டும், அதை வைத்து யாரோடு பேச முடியும்?

கம்பியில் மேலே ஏறுகிற மின்னோட்டம் எப்படியாவது திரும்பி வந்தாக வேண்டும். டைபோலில் அதற்கு இன்னொரு கை உண்டு. கால் அலைக் கம்பத்துக்கு மண்தான் அந்தக் கை, ஆனால் மண் மோசமான கடத்தி. அதனால் அடியிலிருந்து சுற்றிலும் விரியும் ரேடியல் கம்பிகளை மண்மேல் பரப்பி அந்த மின்னோட்டத்தைப் பொறுக்க வேண்டும். தரையில் கிடக்கும் ரேடியலுக்கு அளவு பார்த்து வெட்டும் வேலை இல்லை, மண் எப்படியும் அதன் ட்யூனிங்கைக் கெடுத்துவிடும். இடம் உள்ள மட்டும் போடலாம். எனக்கு 8 மீட்டர் கிடைத்தது. குட்டையான ரேடியல் என்றால் எண்ணிக்கையும் ஓரளவுக்கு மேல் போக வேண்டியதில்லை.

பழைய மோட்டார் வைண்டிங்கைப் பிரித்து எடுத்த செம்புக் கம்பியைப் பதினாறு ரேடியலாகப் புல்லில் பதித்தேன். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. ராத்திரி யாரோ பொறுமையாக, புல் கலையாமல் உருவிச் சுருட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். எடைக்குப் போட்டிருப்பார்கள். மாமா வந்து பார்த்துவிட்டு, "இந்த ஊர்ல செம்பு வெளியில கிடக்கலாமா மாப்ளே?" என்றார், அவ்வளவுதான்.

அடுத்த தடவை ஹார்டுவேர் கடையில் மின்வேலிக்குப் போடுகிற அலுமினியக் கம்பி வாங்கினேன். திருடனுக்கு அதில் ருசி இல்லை. ஆனால் சால்டர் பிடிக்காது, உப்புக்காற்றில் செம்போடு நேராகத் தொட்டால் அரித்துவிடும். ஒரு ஸ்டெயின்லெஸ் தட்டில் போல்ட் போட்டு, நடுவில் ஸ்டெயின்லெஸ் வாஷர் வைத்து முடுக்கினேன்.

பன்னிரண்டு ரேடியலில் 50 ஓம்ஸ் 36 ஆனது. இருபத்து நாலில் 28. எஸ்டபிள்யூஆர் 1.8க்கு ஏறிவிட்டது. 40 மீட்டர் பேண்டில் பேசும் இசட்-எஸ்-5 (எங்கள் மாகாணத்துக் கால்சைன் முன்னெழுத்து) நண்பர் ஒருவர், "ஏதோ அறுந்துபோச்சு, பாருங்க" என்றார். எனக்கோ சந்தோஷம். இப்போது 82 வாட் வெளியே போகிறது! பிறகு ஒரு ஃபெரைட் வளையத்தில் 12 சுற்று சுற்றி, 9ஆம் சுற்றில் ஒரு கிளை இணைப்பு (டேப்) எடுத்து ஆன்டெனாவை அதில் கொடுத்தேன். 28 ஓம்ஸ் 50 ஆகிவிட்டது. டெசிபலில் பார்த்தால் கூடியது இரண்டரைதான், சிக்னல் பலம் காட்டும் எஸ் மீட்டரில் அரைப் புள்ளிகூட இல்லை. இரைச்சலின் விளிம்பில் அந்த இரண்டரைக்குத்தான் விலை.

குரங்குத் தொல்லை தனி. மாமரத்திலிருந்து கம்பிமேல் தொங்கி ஆடும். கம்பியின் முனையில் பேசும்போது மின்னழுத்தம் எக்கச்சக்கம். நல்ல வேளை, குரங்குக்குப் பகல், 80 மீட்டருக்கு இரவு.

நம்மூரோடு பேச எனக்குக் கைகொடுத்தது புரட்டாசி. வடக்கே குளிர்காலமாக இருக்கும்போது இங்கே கோடை, பேண்ட் முழுக்க இடிமின்னல் இரைச்சல். இங்கே குளிர்காலமாக இருக்கும்போது அங்கே இடி. இரண்டு பக்கமும் ஓரளவு சமமாக இருப்பது பங்குனி, புரட்டாசியை ஒட்டித்தான். போன புரட்டாசி சனிக்கிழமை, அத்தை பூஜைக்குப் பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் படுத்த பிறகு உட்கார்ந்தேன். இங்கே அதிகாலை 2:30 என்றால் அங்கே மணி 6, பொழுது விடிகிற நேரம். விடியலில் கொஞ்ச நேரம் சிக்னல் எழும்பும், பிறகு வெயில் ஏற ஏற மேல் வளிமண்டலத்தின் டி அடுக்கு அதை விழுங்கிவிடும்.

3.510 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் மெலிசாக ஒரு வி-யூ-2, அதாவது இந்தியக் கால்சைன், சிக்யூ என்று யாரையாவது அழைத்துக்கொண்டிருந்தது. இரண்டு முறை கூப்பிட்டேன். மூன்றாவது முறை என் கால்சைன் திரும்பி வந்தது, கூடவே என் சிக்னலுக்கு மதிப்பெண் 559. கிட்டத்தட்ட 7000 கிலோமீட்டர். மோர்ஸில் "வணக்கம்" என்று தட்டினேன். கொஞ்சம் மௌனம். பிறகு மெதுவாக, "காபி ஆச்சா?"

இன்னும் தூங்கவே இல்லை என்று தட்டி முடிப்பதற்குள் சிக்னல் இறங்கிவிட்டது. அவருக்குக் கேட்டதா, தெரியாது.