பழைய ஸ்கேனைத் தேடி உம்லாங்காவுக்கு இரண்டு நடை

மூன்று வாரம் அலைந்ததில் ஸ்கேன் எடுத்த நேரம் முக்கால் மணிதான். மீதியெல்லாம் காகிதத்துக்கான அலைச்சல்.

அத்தைக்கு வயது 74, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலேயே காலம் கழித்தவர். நான் காரைக்குடிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். புனித வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் கோயில் கூட்டத்தில் அவருக்குக் கால் பின்னிக்கொண்டது. ஒரு வருடமாகவே நடை தளர்ந்திருந்தது, ரத்தக் கொதிப்பும் உண்டு. 2021இல் தலைவலிக்கு எடுத்த எம்ஆர்ஐ அறிக்கையில் ‘மூளையின் வெண்பகுதியில் வயதுக்கேற்ற மாற்றங்கள்’ என்று ஒரு வரி இருந்தது. படத்தில் புள்ளிகளாகத் தெரியும் அந்த மாற்றங்கள் கூடியிருக்கின்றனவா என்பதுதான் நரம்பு டாக்டருக்குத் தெரியவேண்டியிருந்தது.

முதல் சறுக்கல், டாக்டர் தந்த கடிதத்தில், இன்ன நோய் என்று குறிக்கும் ஐசிடி-10 குறியீடு இல்லை. அது இல்லாமல், செலவை ஏற்கும் மெடிக்கல் எய்டு என்ற மருத்துவக் காப்பீட்டுக்காரர்கள் அனுமதி எண் தரவில்லை. ஒரு நாள் போச்சு. டாக்டர் அறையை விட்டு எழுந்திருக்கும் முன்பே கடிதத்தைப் படித்துப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது மூக்குத்தி. ஐம்பது வருடமாகக் கழற்றாத திருகு. “தங்கந்தானே, காந்தம் இழுக்காதே” என்று வாதாடிப் பார்த்தேன். முகத்தில் உலோகம் இருந்தால் உள்ளே விடமாட்டோம் என்றுவிட்டார்கள். நகைக்கடைக்காரர் எண்ணெய் விட்டு, குறடு போட்டு எடுத்தார். அன்றைய நேரம் பறிபோய் மறுவாரம்தான் கிடைத்தது.

ஒருவழியாக இயந்திரத்துக்குள் படுத்ததும் அத்தை “முருகா, முருகா” என்று ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு முருகாவுக்கும் தலை ஆடியது. ஃப்ளேர் என்ற படத்தில்தான் இந்தப் புள்ளிகள் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். ஆட்டத்தில் அதுவே கலங்கிப்போனதால் மறுபடி எடுத்தார்கள். மனசுக்குள் சொல்லச் சொல்லிக் கூட்டிப்போங்கள்.

அறிக்கையில் ‘ஃபசேகாஸ் 2’ என்று வந்தது. 1987இலிருந்து புழங்கும் 0 முதல் 3 வரையான அளவுகோல் அது. தனித்தனிப் புள்ளி என்றால் 1, ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கினால் 2, பெரிய திட்டாகிவிட்டால் 3. மூளை நடுவிலுள்ள நீரறைகளை ஒட்டிய பகுதிக்கும் உள்ளே ஆழத்திலுள்ள பகுதிக்கும் தனித்தனியாக மதிப்புப் போடவேண்டும். இவர்களோ ஒரே எண்ணைப் போட்டிருந்தார்கள். பழைய அறிக்கையில் அதுகூட இல்லை, வெறும் ‘வயதுக்கேற்ற’தான். இரண்டையும் வைத்து எதை ஒப்பிடுவது?

பழைய படங்களே வேண்டும் என்றார் டாக்டர். வீட்டில் இருந்த டிஸ்க்கைப் போட்டால் அறிக்கையும் நாலு படமும் மட்டும். அன்று ஸ்கேன் எடுத்த இடம் உம்லாங்கா பக்கம். போனால், மருமகளிடம் தரமுடியாதாம், போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமாம். நோயாளியின் கையெழுத்தும் ஐடி நகலும் வேண்டுமாம். முன்பு போனில் கேட்டபோது, வரவேற்பில் இருந்த இதே பெண்தான் “நேரில் வாங்க” என்றது! மறுநாள் இரண்டையும் கொண்டுபோய் நீட்டினால், “பழசையெல்லாம் அழித்திருப்பார்கள்.” எனக்குச் சுர்ரென்றது. குறைந்தது 6 வருடம் பதிவுகளை வைத்திருக்கவேண்டும் என்று இங்குள்ள மருத்துவக் கவுன்சிலின் நெறிமுறையே சொல்கிறது, ‘இல்லை’ என்பதை எழுதிக் கொடுங்கள் என்றேன். உள்ளே போனவள் இருபது நிமிடத்தில் டிஸ்க்கோடு வந்தாள். நீங்கள் போனால் ‘டைகாம் கோப்புகள், முழுசாக’ என்று சொல்லிக் கேளுங்கள்; ஸ்கேனின் மூலப் படக் கோப்புகளுக்கு அதுதான் பெயர். அச்சடித்த படமும் போனில் வரும் படமும் அளப்பதற்கு உதவாது.

இவ்வளவுக்கும் பிறகு இன்னொரு இடி. பழைய படம் மூளையை 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்டுகளாகக் காட்டியது, புதியது 1 மில்லிமீட்டர். தடித்த வெட்டில் சின்னப் புள்ளிகள் நழுவிவிடும். மென்பொருள் இரண்டையும் மில்லிலிட்டர் கணக்கில் அளந்து தந்தாலும், கூடியது நோயா இயந்திரமா என்று பிரிக்கமுடியாதாம். நல்லவேளை, ரேடியாலஜிஸ்ட் பொறுமைசாலி. புதியதையும் 5 மில்லிமீட்டருக்கு மாற்றி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நீரறையை ஒட்டிய பகுதி அன்றும் 2, இன்றும் 2. ஆழத்தில் 1 இருந்தது 2 ஆகியிருக்கிறது. புதிதாக ரத்தக்குழாய் அடைப்பின் தடம் எதுவும் இல்லை.

கொதிப்பு மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். அடுத்த ஸ்கேன் இதே இயந்திரத்தில், இதே முறையில் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன்.

மூக்குத்தித் துளை இதற்குள் தூர்ந்துவிட்டது. ஸ்கேனைப் பற்றி யார் விசாரித்தாலும் அத்தை அதைத்தான் முதலில் சொல்கிறார், என்னைப் பார்த்துக்கொண்டே.