நான் போக முடியாத இடத்துக்கு அவர் போனார்

திருச்சி மலைக்கோட்டைக்கு வருகிறவர்களில் பலர், உச்சிப்பிள்ளையாரைப் பார்க்கும் அவசரத்தில், நடுவில் சிவனாக இருக்கும் தாயுமானவரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 417 படியும் ஏறி, காவிரியையும் ஸ்ரீரங்கத்தையும் மேலிருந்து பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். பிள்ளையாரைக் கும்பிட வேண்டியதுதான். ஆனால் வீட்டில் படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டு அலுத்துக் களைத்துப்போயிருக்கும் சகோதரிகளே, நடுவில் இருக்கும் அந்தச் சந்நிதியில் நீங்கள் ஒருமுறையாவது நிற்க வேண்டும். வாழைத்தார் வேண்டுதலைச் செலுத்தப் போன இடத்தில் எனக்குக் கிடைத்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்களுக்குக் குளித்தலை. மாமியார் பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து அவருக்கு எல்லாமே கட்டிலில்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். கஞ்சியை ஸ்பூன் ஸ்பூனாக ஊட்ட வேண்டும், புரையேறினால் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். துணி மாற்ற வேண்டும், துடைத்துவிட வேண்டும். செய்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியும். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் "உனக்குப் பெரிய புண்ணியம்மா" என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்திருக்கும்போது அந்தச் சொல் உடம்புக்கு எட்டுவதில்லை.

இந்த நிலையில்தான் மகளுக்குத் தலைப்பிரசவம். வளைகாப்பு போட்டு அழைத்து வரலாம் என்று இருந்தோம். பிரஷர் இருக்கிறது, பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் ஓசூரிலேயே தங்கிவிட்டாள். சம்பந்தியம்மா காலமாகிவிட்டதால் அங்கே பெண் துணை என்று யாரும் இல்லை. நாள் நெருங்கும்போது நான் போவதாக ஏற்பாடு. பிரசவ லேகியம், பழைய பருத்திப் புடவையைக் கிழித்து மடித்த துணிகள், பூண்டு, சுக்கு எல்லாம் ஒரு பையில் தயாராக இருந்தது. அந்த வாரம் பார்த்து மாமியாருக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். குறித்த நாளுக்கு முன்பே மகளுக்கு வலி எடுத்துவிட்டது. போன் வந்தபோது நான் மாமியாருக்கு நெபுலைசர் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். "அம்மா, எப்பம்மா வர்றே?" என்று அவள் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

அடுப்படியில் போய் நின்றேன். பெற்ற தாய் வர முடியாமல் போனபோது, ரத்னாவதி என்ற செட்டிப் பெண்ணுக்குத் தாய் உருவத்திலேயே வந்து பிரசவம் பார்த்தவர் தாயுமானவர். "தாயுமானவரே, ரத்னாவதிக்குப் போனீங்களே, என் பொண்ணுகிட்டயும் போங்க. என்னால நகர முடியலை. வாழைத்தார் கொண்டாந்து உங்க சந்நிதியில சேர்க்கிறேன்" என்றேன். வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

போனார். பக்கத்து வீட்டில் இருக்கும் தெலுங்கு பேசுகிற ஒரு அக்கா உருவத்தில் போனார். மகளுக்கும் அவருக்கும் அதுவரை வாசலில் பார்த்துச் சிரிக்கிற பழக்கம் மட்டும்தான். அன்று ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துவிட்டிருக்கிறார். பேத்தி பிறந்து, பால் குடிக்கத் தெரியாமல் அழுதபோது எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தவரும் அவர்தான். வீட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. குழந்தையைக் காலில் போட்டு வெந்நீர் ஊற்றியது, சாம்பிராணி காட்டியது, பத்தியச் சாப்பாடு கொடுத்தது எல்லாமே அவர். நான் கட்டிய பை குளித்தலையிலேயே கிடந்தது. அதில் இருந்த எல்லாம் அவர் கையால் என் மகளுக்குக் கிடைத்தது.

மாமியாருக்கு உடம்பு கொஞ்சம் தேறியதும் வேண்டுதலை முடிக்கக் கிளம்பினேன். ஓரகத்தி அன்று பகல் முழுக்க மாமியாரைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். தொட்டியத்துப் பூவன் தார் ஒன்று, நல்ல தாராக, சீப்பு நெருக்கமாக. அக்கா மகன் தூக்கி வந்தான். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கடைவீதி நெரிசலில் தாரைக் காப்பாற்றிக்கொண்டு மாணிக்க விநாயகர் வாசலுக்கு வருவதே பெரும்பாடு. விடுமுறை நாள் வேறு. வரும் வழியிலேயே ஒரு ஆள் கூடவே ஒட்டிக்கொண்டார். "தாரை நான் மேலே சேர்த்துடறேன், கூட்டம் இல்லாம உள்ளே விடறேன், ஐந்நூறு கொடுங்க" என்றார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை, தாரில் கை வைத்து இழுக்கிறார். வேண்டுதல் பொருளைத் தொட்டு இழுத்ததும் எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்துவிட்டது. எவ்வளவு கஷ்டத்தில் ஒரு பெண் ஒரு பகலைப் பிடுங்கிக்கொண்டு சாமியிடம் வருகிறாள் என்று இவர்கள் யோசிக்க வேண்டாமா?

காவி வெள்ளைப் பட்டை அடித்த சுவருக்கு நடுவே படிகள். மூச்சு வாங்க நின்றால் பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினேன். அக்கா மகனும் தோள் மாற்றி மாற்றிப் பார்த்துச் சோர்ந்துவிட்டான். முன்பின் தெரியாத ஒரு காலேஜ் பையன், "கொடுங்கண்ணா" என்று வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு ஏறினான். ஒருவர் இழுத்தார், ஒருவர் சுமந்தார். ஒரே மலைதான்.

இந்தக் கோயிலில் சுவாமி மேற்குப் பார்த்து இருப்பார். கொடிமரம் அவருக்குப் பின்பக்கம். சாரமா முனிவர் தினமும் தண்ணீர் ஊற்றி வளர்த்த செவ்வந்திப் பூக்களை உறையூர் அரசனுக்காகப் பறித்துப் போனார்கள். முனிவர் முறையிட்டதும், சுவாமி உறையூர்ப் பக்கம் திரும்பி மண்மாரி பொழிந்தார் என்பது வரலாறு. செவ்வந்திநாதர் என்ற பெயரும் அதனால்தான். சின்ன வயதில் எனக்கு அந்த மண்மாரிதான் பெரிதாகத் தெரிந்தது. இப்போது தினமும் தண்ணீர் ஊற்றிய அந்தக் கைதான் தெரிகிறது. யாரும் பார்க்காத அந்த வேலைக்காகத்தான் சுவாமி தன் திசையையே மாற்றிக்கொண்டார்.

தாரைச் சேர்த்துவிட்டு சந்நிதி முன்னால் வந்தேன். நல்ல பெரிய லிங்கம். மாமியார், கணவரின் சர்க்கரை, வீட்டுக் கடன் என்று கேட்பதற்கு மனதில் எவ்வளவோ வைத்திருந்தேன். தீபாராதனை காட்டியபோது ஒன்றும் வரவில்லை. லிங்கத்துக்குக் கை ஏது? ஆனாலும் அந்த வெளிச்சத்தில் நான் தேடியது அவர் கைகளைத்தான். வெந்நீர் போட்ட கை. எண்ணெய் தேய்த்த கை. ரத்தத் துணியை அலசிய கை. என் கை இரண்டும் டெட்டால் பட்டு வெடித்துக் கிடந்தன. அதைக் கூப்பிக்கொண்டு நின்றேன். உலகத்தைப் படைத்துக் காக்கிறவர், அந்தச் செட்டிப் பெண்ணின் வீட்டில் செய்தது நான் தினமும் செய்கிற அதே வேலையைத்தானே!

இன்னொன்றும் அங்கேதான் எனக்குள் விழுந்தது. ரத்னாவதியின் தாய் காவிரி வெள்ளத்தில் அக்கரையில் மாட்டிக்கொண்டாள். தண்ணீர் வடிந்து அவள் வந்து சேர்ந்தபோது, ஏன் வரவில்லை என்று அந்தக் கதையில் யாருமே கேட்பதில்லை. சுவாமியும் கேட்கவில்லை. அவள் இடத்தில் நின்று வேலையைச் செய்தார், அவள் வந்ததும் மறைந்தார், அவ்வளவுதான். மகள் பிரசவத்துக்குப் போகாத தாய் என்று நான் மனதுக்குள் என்னையே குத்திக்கொண்டிருந்தேன். அன்று அந்தச் சந்நிதியில் அது கழன்று விழுந்தது. விம்மி விம்மி அழுதேன். "நகருங்க, நகருங்க" என்று பின்னால் சத்தம். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என் முழங்கையைப் பிடித்து மெல்ல ஓரமாக நகர்த்தி, தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். அவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மட்டுவார்குழலி அம்மனிடம் மகளுக்கும், பேத்திக்கும், ஓசூர் அக்காவுக்கும் பெயர் சொல்லி அர்ச்சனை செய்தேன். அப்புறம்தான் பிள்ளையாரைப் பார்க்க மேலே ஏறினேன். வலி இருந்தது, பாரம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஓரகத்தியிடம், இனி ஞாயிற்றுக்கிழமைப் பகலில் நீ வந்து பார்த்துக்கொள் என்று வாய்விட்டுக் கேட்டேன். இத்தனை நாள் கேட்டதே இல்லை. உடனே சரி என்றாள். சாமியே இன்னொருத்தர் இடத்தில் நின்று வேலை செய்திருக்கும்போது, நாம் மட்டும் மாற்று ஆள் இல்லாமல் தேய வேண்டும் என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை, சகோதரிகளே. கேளுங்கள். படி ஏற முடிந்தால் போய்க் கேளுங்கள், முடியாவிட்டால் அடுப்படியில் நின்று கேளுங்கள். நான் கேட்டது அங்கேதான்.

சித்திரைத் திருவிழாவில், சுவாமி ரத்னாவதிக்குப் பிரசவம் பார்த்ததை நடத்திக் காட்டும் செட்டிப்பெண் மருத்துவம் நடக்கும். அதற்கு மகளையும் பேத்தியையும் அழைத்துப் போக எண்ணம். ஓசூர் அக்காவையும் கூப்பிட்டிருக்கிறேன், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்து, தாயுமானவர் பாதத்தில் வைத்துக் கொடுக்க வேண்டும். அதையும் அவரே நடத்தித் தர வேண்டும்.