பிப்ரவரியில் என்ன செய்வீர்கள்? அக்காடியன் தீபகற்பத்தில் ஒரு சிறுதொழில் கடன்

கனடாவில் பிரெஞ்சு என்றாலே நம்மவர்களுக்கு மாண்ட்ரியல்தான் நினைவுக்கு வரும். அதற்கும் வெகு கிழக்கே, நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் வடகிழக்கு மூலையில், அக்காடியன் தீபகற்பம் என்று ஒரு பகுதி இருக்கிறது. கராகெட், ஷிப்பகான், லமெக், ட்ராகடி என்று கடலை ஒட்டிச் சிறு ஊர்கள். எல்லாம் சேர்த்துச் சுமார் 50,000 பேர். வீட்டில், கடையில், கோயிலில், நகராட்சியில் எல்லாமே பிரெஞ்சு. கணவருக்கு இங்கே வேலை கிடைத்ததால் மாண்ட்ரியலை விட்டு வந்தோம். நான் காரைக்கால்காரி, புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவள். அந்தப் படிப்பு இத்தனை வருஷம் கழித்து, இவ்வளவு பனிக்கு நடுவில் சோறு போடும் என்று அப்பா நினைத்திருக்கமாட்டார்.

இங்கே ஒரு சின்ன உணவுத் தொழில் நடத்துகிறேன். சாம்பார், குருமா, மீன்குழம்பு என்று சமைத்து, உறையவைத்துப் பாக்கெட்டில் விற்பேன். வெள்ளிக்கிழமை மட்டும் சூடான சாப்பாடு. "கிராமத்தில் யார் உனக்குப் பணம் கொடுத்தார்கள்?" என்று டொராண்டோவில் இருக்கும் தோழிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்கு ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் ஒரு வங்கிக்குப் போனேன். பெயர் வேண்டாம். மரியாதையாகத்தான் பேசினார்கள். உணவுத் தொழில், புது ஆள், அடமானம் வைக்க வீடு இல்லை, அதிலும் இவர்கள் கேள்விப்படாத சாப்பாடு. முடியாது என்பதைச் சொல்லவே மூன்று வாரம் எடுத்துக்கொண்டார்கள். அடுத்து, இளம் தொழில்முனைவோருக்குக் கடன் கொடுக்கும் ஃபியூச்சர்பிரனர். அதற்கு வயது 39-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. நான் தாண்டி ரொம்ப நாளாகிவிட்டது.

அப்புறம்தான் சிபிடிசி, அதாவது சமூகத் தொழில் மேம்பாட்டுக் கழகம். கனடாவின் அட்லாண்டிக் மாகாணங்களில் இருப்பவர்களுக்குத் தெரிந்த பெயர். வெளியே யாருக்கும் தெரியாது. அட்லாண்டிக் பகுதி முழுக்க 41 சிபிடிசிகள் இருக்கின்றன, அதில் பத்து நியூ பிரன்ஸ்விக்கில். ஒவ்வொன்றும் லாபநோக்கில்லாத தனி அமைப்பு. அலுவலகம் நடக்க மத்திய அரசின் அட்லாண்டிக் வளர்ச்சி முகமை பணம் தருகிறது. ஆங்கிலத்தில் ஆக்கோவா, இங்கே எல்லாரும் அபேக்கா என்பார்கள், 1987-இல் ஆரம்பித்தது. ஆனால் யாருக்குக் கடன் கொடுப்பது என்று முடிவு செய்வது அதிகாரிகள் இல்லை, அந்தந்த ஊரைச் சேர்ந்த தன்னார்வலர் குழு. வங்கி கைவிரித்தவர்களுக்குக் கொடுப்பதுதான் இவர்கள் வேலையே. அதனால் வட்டி வங்கியைவிடக் கொஞ்சம் கூடுதல். இலவசப் பணம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

அபேக்காவிடமே நேரடியாகக் கேட்கலாமா என்று சிபிடிசி ஆலோசகரிடம் விசாரித்தேன். அங்கே உற்பத்தி, வெளியூர் விற்பனை என்று போகும் தொழில்களுக்குத்தான் பெரும்பாலும் வழி, உள்ளூர்ச் சாப்பாட்டுத் தொழிலுக்குச் சரிவராது என்று அவரே சொல்லிவிட்டார். அலையாமல் தப்பித்தேன்.

அந்த ஆலோசகரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் சாம்பாரும் வடையும் கொண்டுபோயிருந்தேன். சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்றார், உடனே கேட்டார்: "பிப்ரவரியில் என்ன செய்வீர்கள்?"

இந்த ஊரின் பொருளாதாரம் முழுக்க அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ஏப்ரலில் பனிநண்டுப் பருவம் தொடங்கும், பின்னாலேயே சிங்கி இறால். மீன் பதப்படுத்தும் ஆலைகளில் இரவு பகல் பார்க்காமல் வேலை. மெக்சிகோ, பிலிப்பைன்ஸில் இருந்தெல்லாம் ஆள் வருகிறார்கள். கோடையில் லமெக், ஷிப்பகான் பக்கம் பீட் என்ற சதுப்புநில மக்கு மண் எடுக்கும் வேலை, கூடவே சுற்றுலாக்காரர்கள். ஆகஸ்ட் 15, இங்கே குடியேறிய பிரெஞ்சுக்காரர்களின் வழிவந்த அக்காடியர்களின் தேசிய நாள். அன்று சாயங்காலம் கராகெட் தெருவில் சட்டி, பானை, மணி, கையில் கிடைத்தது எதுவானாலும் தட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் ஊர்வலம் போவார்கள். 1755 முதல் இவர்களை ஊரைவிட்டே துரத்திய ஆங்கிலேயருக்கு, நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம் என்று காதில் விழச் சொல்கிற சத்தம். அந்த வாரம் எதைச் சமைத்தாலும் விற்கும். அது முடிந்து இலையுதிர்காலம் வந்தால் ஒவ்வொரு வேலையாக நிற்கும். பனிக்காலத்தில் வேலையில்லாக்கால உதவித்தொகைதான் பல குடும்பங்களுக்கு வருமானம். அந்தத் தொகை தீர்ந்து, அடுத்த பருவம் தொடங்காமல் இருக்கும் சில வாரங்களுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் கருந்துளை. பிப்ரவரி, மார்ச்சில் அது வாயைத் திறக்கும்.

அப்படிப்பட்ட மாதத்தில் பதினைந்து டாலர் கொடுத்து யார் குருமா வாங்குவார்கள்?

தொழில் திட்டத்துக்கு ஒரு அட்டவணை தருகிறார்கள், பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு கட்டம். ஒவ்வொன்றிலும் வரவு, செலவு, கையிருப்பு. மற்ற பக்கங்களையெல்லாம் இரண்டு ராத்திரியில் எழுதிவிட்டேன். இந்த ஒரு பக்கம்தான் உயிரை வாங்கியது. ஜூலை, ஆகஸ்ட் யாருக்கும் எளிது. ஜனவரி முதல் மார்ச் வரை எதை எழுதினாலும், "இது எங்கிருந்து வரும், யார் வாங்குவார்கள், பெயர் சொல்லுங்கள்" என்று ஆலோசகர் குடைவார். ஆளின் பெயரை இல்லை, எந்த அலுவலகம், எந்த விடுதி என்று.

சரி, தேட ஆரம்பித்தேன். மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் குளிர்காலத்திலும் இருப்பார்கள்: மருத்துவமனை, பள்ளிக்கூடங்கள், முதியோர் இல்லங்கள். ஷிப்பகானில் மாங்க்டன் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. அங்கே ஆப்பிரிக்காவின் பிரெஞ்சு பேசும் நாடுகளில் இருந்து வந்த மாணவர்கள் நிறைய. கேமரூன் பையன் ஒருவன் என் மிளகாய்ச் சட்னியைத் தொட்டுவிட்டு, இந்த நாட்டில் முதல்முறையாகக் காரம் சாப்பிட்டேன் என்றான். அவர்களுக்குக் கடல் உறைந்தாலும் உறையாவிட்டாலும் ஏப்ரல் வரை வகுப்பு உண்டு.

இன்னொன்று எனக்கு மட்டும் தோன்றியது. தவக்காலம். இது பழைய கத்தோலிக்கப் பகுதி. வயதானவர்கள் இன்னும் தவக்கால வெள்ளிகளில் இறைச்சி தொடுவதில்லை. நாங்களும் கத்தோலிக்கர்கள்தான். காரைக்காலில் அந்த வெள்ளிகளில் அம்மா என்னென்ன செய்வார் என்று எனக்குப் பாடம். தவக்காலமோ பிப்ரவரி, மார்ச்சை ஒட்டியே வருகிறது. பருப்புருண்டைக் குழம்பு, காய்கறிக் குருமா, மீன்குழம்பு என்று வெள்ளிக்கிழமைப் பட்டியல் போட்டுக் கொண்டுபோனேன். அதைப் பார்த்துத்தான் ஆலோசகர் முதல்முறையாகப் பேனாவைக் கீழே வைத்தார்.

குழுவின் முன் நேரில் பேசக் கூப்பிட்டார்கள். எல்லா இடத்திலும் இப்படிக் கூப்பிடுவார்களா தெரியாது. உள்ளே இருந்தவர்களில் ஒருவர் எங்கள் தெருக்காரர். "எனக்கு இவர்களைத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவராகவே எழுந்து வெளியே போனார். சின்ன ஊரில் நம் கணக்குவழக்கு நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்ற கூச்சம் எனக்கு இருந்தது உண்மை. அந்த எழுந்து போதலில் அது பாதி போய்விட்டது.

ஊர்க்காரர்களே உட்கார்ந்து ஊர்ப்பணத்தை முடிவு செய்வது இங்கே புதிதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கரையில் மீன் வியாபாரம் ஜெர்சி தீவில் இருந்து வந்த ராபின் போன்ற கம்பெனிகளின் கையில் இருந்தது. மீனவனுக்குக் கையில் காசு வராது. கம்பெனிக் கடையில் கடனுக்குச் சாமான் எடுத்துக்கொண்டு, மீனைக் கொடுத்துக் கழிக்க வேண்டும். கடன் கழியவே கழியாது. நம் ஊர்க் கதைதான், வேறு கடல். அதற்குப் பதிலாகத்தான் கூட்டுறவு வந்தது. 1936-இல் பெத்தி-ரொஷே என்ற ஊரில் முதல் அக்காடியக் கடன் சங்கம், பின்னால் மார்ட்டின் லெஜேர் போன்றவர்கள் அந்தச் சங்கங்களையெல்லாம் ஒன்றாகக் கட்டினார்கள். இன்று அதன் பெயர் யூனி. தலைமையகம் கராகெட்டில். இவ்வளவு சிறிய ஊரில் ஒரு நிதி நிறுவனத்தின் தலைமையகம் எப்படி வந்தது என்று வருகிற எல்லாரும் கேட்பார்கள்.

கேட்ட தொகை 25,000 டாலர். என் சேமிப்பில் இருந்தும் ஒரு பங்கு போடச் சொன்னார்கள், சொந்த ஜாமீனும் எழுதி வாங்கினார்கள். தவணையைத்தான் அவர்களாகவே மாற்றினார்கள்: ஜனவரியில் இருந்து மார்ச் வரை குறைவாக, ஜூன் முதல் கூடுதலாக. எந்த வங்கியும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

பணம் வந்ததும் சமையலறை. வீட்டு அடுப்பில் சமைத்து விற்க எனக்கு அனுமதி கிடைக்காது என்று தெரிந்தது. தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் பெரிய சமையலறை இருந்தது. வாரத்தில் சில நாள் வாடகைக்குப் பேசினேன். பொதுச் சுகாதார ஆய்வாளர் வந்து, கை கழுவ மட்டும் தனியாக ஒரு சிங்க் வேண்டும் என்றார். வைத்தோம். அவர் அதிகம் பேசியது ஆறவைப்பது பற்றி. சமைத்த உணவு 60 டிகிரியில் இருந்து 20-க்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும், அங்கிருந்து 4 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள். பெரிய அண்டா சாம்பார் அப்படியே வைத்தால் ராத்திரி முழுக்கச் சூடாகவே இருக்கும். அகலமான தட்டுகளில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஊற்றி, அடியில் பனிக்கட்டி வைத்தால்தான் நடக்கும். வெளியே மைனஸ் இருபது இருக்க, உள்ளே நான் பனிக்கட்டி காசு கொடுத்து வாங்கினேன். வாசலில் வைத்து ஆறவைக்கலாமே என்று கேட்டேன், ஆய்வாளர் சிரிக்கவில்லை.

லேபிள் தனிக் கூத்து. ஒவ்வாமை தரும் பொருட்களைக் கனடாவில் தெளிவாக எழுத வேண்டும், அந்தப் பட்டியலில் கடுகு இருக்கிறது. கடுகு இல்லாமல் நான் தாளிப்பது எது? எல்லாப் பாக்கெட்டிலும் கடுகு என்று பெரிதாகப் போட்டேன். எள்ளும் அதே பட்டியலில். பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அதனால் சாம்பாரில் கோதுமையும் எழுத வேண்டும். அரிசி, பருப்பு, காய் மட்டும்தானே, குளூட்டன் இல்லாத சாப்பாடு என்று விற்கலாம் என்று கனவு காண்பவர்கள் முதலில் பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

வரியும் வேடிக்கைதான். இங்கே விற்பனை வரி 15 விழுக்காடு. அதே சாம்பார் சூடாக விற்றால் வரி உண்டு, உறையவைத்து விற்றால் மளிகைச் சாமான், வரி பூஜ்யம். நான்கு காலாண்டில் 30,000 டாலருக்குள் விற்கும்வரை வரிப் பதிவே தேவையில்லை. ஆனாலும் பதிவு செய்வது நல்லது என்று கணக்காளர் சொன்னார், ஃப்ரீசர் வாங்கியதற்குக் கட்டிய வரி திரும்ப வரும். கேட்டேன், வந்தது. பெயர்ப் பதிவு, தொழில் எண் எல்லாம் கணினியில் உட்கார்ந்த இடத்திலேயே முடிந்துவிடும். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

காப்பீடு மட்டும் இழுத்தது. கருவேப்பிலை இன்னும் இழுக்கிறது. அதை வாங்க மாங்க்டன் நகரத்துக்குப் போய்வர ஒரு முழு நாள் ஆகிறது, பனிப்புயல் என்றால் அதுவும் இல்லை. கோடையில் வாங்கி உறையவைத்துக்கொள்கிறேன். மணம் பாதிதான், ஆனால் இங்கே அதைக் கண்டுபிடிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான்.

முதல் பிப்ரவரி எப்படிப் போனது என்று கேட்பீர்கள். நஷ்டம்தான், ஆனால் அட்டவணையில் எழுதியிருந்த அளவுக்குள் நஷ்டம். மாணவர்கள் நினைத்ததைவிடக் குறைவாக வாங்கினார்கள், அவர்களுக்கும் மாதக்கடைசி உண்டு. தவக்கால வெள்ளிகள் காப்பாற்றின. ஒரு முதியோர் இல்லம் வாராவாரம் காரம் குறைத்த பருப்புக் குழம்பு கேட்கிறது. நண்டுப் பருவத்தில் ஆலைக்காரர்கள், "எங்கள் நண்டில் உங்கள் மசாலா போட்டுத் தாருங்கள்" என்று வந்தார்கள். நண்டு அனுமதி பெற்ற இடத்தில் வாங்கியதாக இருக்க வேண்டும், படகில் இருந்து நேராக எடுக்கக் கூடாது. அந்த ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள், ஆய்வாளர் கேட்பார்.

கடனில் பாதிக்கு மேல் அடைத்தாகிவிட்டது. இப்போது லமெக், மிஸ்கூ பக்கம் கொண்டுபோய்க் கொடுக்க குளிர்சாதன வண்டி ஒன்று வேண்டும், அதற்கு மறுபடி விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அதே ஆலோசகர், அதே பன்னிரண்டு கட்டம். இந்தத் தடவை நான் பிப்ரவரியில் இருந்து எழுத ஆரம்பித்தேன்.