பார்லோ வடிவில் ஒரு மடக்குக் கத்தி: மூன்று நிலை, ஒரே உயரம்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த பழைய பார்லோ மடக்குக் கத்திகளின் அடையாளம் நீளமான போல்ஸ்டர், அதாவது கைப்பிடியின் முனையில் இருக்கும் உலோகக் கட்டை. கைப்பிடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதுதான். அலகு சுழலும் இடத்துக்குப் பலமும் அதுதான். அதே அமைப்பில், மடக்கினால் 86 மி.மீ வரும் ஒற்றை அலகுக் கத்தி இது. பூட்டு கிடையாது. முதுகு ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே அலகைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

அலகு, ஸ்பிரிங் இரண்டும் 2.5 மி.மீ ஓ1 எஃகு, எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கும் வகை. லைனர் என்னும் உட்பக்கத் தகடுகள் 1 மி.மீ பித்தளை, போல்ஸ்டர் 3 மி.மீ ஜெர்மன் சில்வர் (வெள்ளி இல்லாத செம்பு-நிக்கல்-துத்தநாகக் கலவை), எல்லாவற்றையும் கோக்கும் பின் 2.4 மி.மீ. ஓட்டைகளை டிரில்லோடு விடாமல் ஓட்டையைத் துல்லிய அளவுக்குக் கொண்டுவரும் ரீமர் போட்டே முடித்தாயிற்று. இங்கே துளி ஆட்டம் இருந்தால் அலகு முனையில் அது பல மடங்காகத் தெரியும். நகம் வைக்கும் பள்ளத்தையும் இப்போதே வெட்டிவிட வேண்டும். கடினமாக்கிய பின் அரம் வழுக்கும்.

அதிக நேரம் தின்றது அலகின் அடிக்கட்டை, அதாவது பின்னில் சுழன்று ஸ்பிரிங்கைத் தொடும் அடிப்பகுதி. திறந்த நிலை, பாதி நிலை, மூடிய நிலை மூன்றிலும் ஸ்பிரிங்கின் முதுகு ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். டயல் கேஜில் திறந்த நிலையைச் சுழியமாக வைத்துப் பார்த்தபோது பாதி நிலை 0.12 மி.மீ மேலே, மூடிய நிலை 0.07 கீழே. ஒவ்வொரு நிலையிலும் ஸ்பிரிங் அமரும் அடிக்கட்டையின் முகம் வேறு; தாழ்ந்த முகத்தை உயர்த்த வழியில்லை. அதனால் மற்ற இரண்டையும் அதன் அளவுக்கு இறக்கத்தான் வேண்டும்: பாதி நிலையில் 0.19, திறந்த நிலையில் 0.07. முகத்தில் மார்க்கர் மை தடவி, அது அழியும் இடத்தில் மட்டும் அரம். சாய்வாகத் தேய்ந்தால் திறந்த அலகு கைப்பிடியோடு நேராக நிற்காமல் தொங்கும்.

மூடும்போது அலகின் கூர் ஸ்பிரிங்கில் அடிபடாமல் தடுக்கும் சிறு புடைப்புதான் கிக். அது அலகு சுழலும் பின்னிலிருந்து 8 மி.மீ, அலகு முனை 72 மி.மீ. ஆக 0.1 தேய்த்தால் முனை 0.9 இறங்கும். இரண்டு இழுப்பு, ஒரு சோதனை. அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

அலகு 800 டிகிரியில் பழுத்து, வெதுவெதுப்பான எண்ணெயில் தோய்ந்து, 200 டிகிரியில் இரண்டு முறை இரண்டு மணி நேரம் பதமானது. ஸ்பிரிங்குக்கு அந்தப் பதம் ஆகாது, படக்கென்று ஒடியும். அதற்கு 400 டிகிரி. அழுத்தம் வர, அலகு இல்லாதபோது ஸ்பிரிங்கின் முனை 1.5 மி.மீ தாழ்ந்து நிற்கும்படி நடுப் பின்னின் ஓட்டை தள்ளிப் போடப்பட்டிருக்கிறது. அடிக்கட்டை ஸ்பிரிங்கைவிட 0.04 மி.மீ மெலிசு. இல்லையென்றால் லைனர்களுக்கு இடையில் அலகு இறுகிவிடும்.

கைப்பிடிக்கு எலும்புத் தகடு. சூடேறினால் வளையும், தூசியும் மோசம். முகமூடியோடு ஈர உப்புத்தாளில் தேய்ப்பதே உத்தமம்.

பின் அடிக்கும்போது முதல் முறை கத்தி திறக்கவே மறுத்தது: ஓட்டைக்குள் பின் பருத்து லைனர்களை நெருக்கிவிட்டது. பின்னைத் துளைத்தெடுத்து, புதியது போட்டு, இந்த முறை அடிக்கட்டைக்கும் லைனருக்கும் இடையே 0.05 மி.மீ பித்தளை ஷிம் (மெல்லிய இடைத்தகடு) செருகி அடித்தபின் உருவியதும் அலகு தாராளமாகச் சுழன்றது. போல்ஸ்டர் ஓட்டையின் வாயைச் சற்று அகட்டி, அதே ஜெர்மன் சில்வர் பின்னை அடித்துத் தேய்த்தால் தலை இருந்த சுவடே தெரியாது. வேறு உலோகம் என்றால் வட்டம் பளிச்சென்று நிற்கும்.

கூர் இன்னும் வைக்கவில்லை. பக்கத்துக்கு 15 டிகிரி, பாலிஷ் முடிந்த பிறகு.